கிண்டிலுக்கு க்வில்ட் உறை தைப்பது எப்படி: முதலில் தையல், பிறகு வெட்டு

ஜாக்கெட், சுடிதார் எல்லாம் சரளமாகத் தைப்பவர்கள்கூட இந்தச் சின்ன க்வில்ட் உறையில், அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்து வரி வரியாகத் தைக்கும் உறையில், தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் அநேகமாக ஒன்றுதான். துணி தைக்கிற பழக்கத்தில் முதலிலேயே கச்சிதமாக வெட்டிவிடுகிறார்கள். பஞ்சு வைத்து வரி வரியாகத் தைத்து முடித்த பிறகு பார்த்தால் துண்டு நாலா பக்கமும் உள்வாங்கி, கோணலாகி, கருவி உள்ளே போக மறுக்கிறது.

இங்கே வேலையின் வரிசையே வேறு. பெரிதாக வெட்டு, அடுக்கு, தை, அதன் பிறகு அளவாக வெட்டு. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த வரிசையை ஒட்டியே வருகிறது. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் இரண்டு படி தள்ளித்தான் அதன் விளைவு தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு 2021-இல் வந்த கிண்டில் பேப்பர்வைட் என்ற மின்னூல் வாசிப்பானை எடுத்துக்கொள்கிறேன். உயரம் 174 மி.மீ., அகலம் 125 மி.மீ., தடிமன் சுமார் 8 மி.மீ. உங்களிடம் இருப்பது போனோ, சிறிய டேப்லெட்டோ, பவர் பேங்கோ ஆனாலும் கணக்கு இதேதான். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. உறையின் அமைப்பு

ஒரே நீளப் பட்டை. வெளித்துணி, நடுவில் பஞ்சு ஷீட், உள்ளே லைனிங் என்று மூன்று அடுக்கு. பட்டையை அஞ்சல் உறை போல அடியில் மடித்து, பக்கங்களை மூடி, மேலே மிச்சமிருப்பதை மூடியாக விடுகிறோம். ஓரமெல்லாம் கிராஸ் பட்டி, அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி. மூடியைப் பிடிக்க ஒரு பட்டனும் எலாஸ்டிக் வளையமும்.

ஜிப் வைக்கவில்லை. தடித்த அடுக்கில் ஜிப் வைப்பது தனி வேலை, முதல் உறையிலேயே அதையும் சேர்த்துக்கொண்டால் எது எங்கே பிசகியது என்றே தெரியாமல் போகும்.

இந்த உறை கீறலையும் பைக்குள் படும் சின்னச் சின்ன இடியையும் தாங்கும். மாடிப்படியில் மூலை குத்தி விழுந்தால் தாங்காது. மழையில் நனையவும் செய்யும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வெளித்துணிக்கு ஒரு ஜாக்கெட் பிட் தாராளம், கிராஸ் பட்டியும் அதிலேயே கிடைக்கும். நெருக்கமாக நெய்த பருத்தி நல்லது. கண்டாங்கிச் சேலையில் மிஞ்சிய துண்டு, சுங்குடி, காடா, எதுவானாலும் சரி. பனியன் துணி வேண்டாம். அது இழுபடும், மூன்று அடுக்கும் ஒன்றாக நகராது. பட்டு பிட்டில் தைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதற்கு அடியில் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டு உறுதிப்படுத்தாவிட்டால் ஊசி போன வழியெல்லாம் இழை விலகும். முதல் உறைக்கு வேண்டாம்.

கட்டம் போட்ட துணி கிடைத்தால் அதையே எடுங்கள். கட்டத்தின் கோடுகளே தையல் கோடுகளாகிவிடும், சாக்கால் கோடு போடும் வேலை மிச்சம். ஒரே சிக்கல், தையல் கோணினால் அது பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும்.

லைனிங்குக்கு பாப்லின் போதும். திரையில் படுவது இதுதான், அதனால் வழவழப்பாகவும் பிசிறு விடாததாகவும் இருக்க வேண்டும். ஃபிளானல் மென்மையாக இருக்கிறதே என்று பலர் அதை எடுக்கிறார்கள். அதன் பஞ்சுத்தூள் சார்ஜ் துளைக்குள் போய் அடையும். ஜரிகை, சமிக்கி, எம்பிராய்டரி எதுவும் உள்பக்கம் வரவே கூடாது.

நடு அடுக்குக்கு பாலியெஸ்டர் பஞ்சு ஷீட், 100 முதல் 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை. பை தைப்பதற்கான சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அங்கேயே கிடைக்கும் 3 மி.மீ. ஃபோமும் ஆகும், ஆனால் விறைப்பாக நிற்கும், ஓரம் தைக்கக் கை வலிக்கும். பஞ்சு ஷீட் கிடைக்கவில்லையென்றால் பழைய மெல்லிய துவாலை ஒன்று போதும். இலவம் பஞ்சைப் பரப்பித் தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உதிரிப் பஞ்சு நாளடைவில் ஒரு பக்கம் ஒதுங்கிக் கட்டி கட்டியாகிவிடும்.

மிஷின் சாதாரணக் கால் மிஷினே போதும், நேர்த்தையல் தவிர வேறெதுவும் தேவையில்லை. ஊசி இரண்டு வேண்டும்: க்வில்ட் தையலுக்கு 14-ஆம் எண், ஓரம் கட்டும்போது 16-ஆம் எண். இரண்டும் புதிதாக இருக்கட்டும். முனை மழுங்கிய ஊசி பஞ்சை இழுத்து லைனிங் பக்கம் வெள்ளை வெள்ளையாக வெளியே தள்ளும். பாலியெஸ்டர் நூலில் இரண்டு பாபின் முன்பே சுற்றி வையுங்கள். நீளக் கோட்டின் நடுவில் பாபின் தீர்ந்தால் அந்த ஒட்டு கடைசிவரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இவை தவிர அளவு டேப், ஒட்டும் டேப், நீள ஸ்கேல், டெய்லர் சாக் அல்லது தேய்ந்த சோப்புத் துண்டு, ஒரு டஜன் ஊக்கு, பேப்பருக்கு மாட்டும் கிளிப் பத்து, 3 மி.மீ. உருண்டை எலாஸ்டிக் 8 செ.மீ., 2 செ.மீ.க்கு உட்பட்ட தட்டைப் பட்டன் ஒன்று. கொட்டாங்குச்சி பட்டன் இதற்கு அழகாக இருக்கும்.

3. அளவு போடுதல்

கருவியின் அளவை இணையத்தில் பார்த்து எழுதிக்கொள்வது வசதிதான். ஆனால் அதற்கு ஏற்கெனவே பின்மூடியோ கவரோ போட்டிருந்தால் அதோடு சேர்த்து ஸ்கேலால் அளந்துவிடுங்கள். இணையத்து அளவில் கவர் சேராது.

அகலத்துக்கான கணக்கு: கருவியின் அகலம் + தடிமன் + தளர்வு 1 செ.மீ. + பக்கத்துக்கு 0.8 செ.மீ. தையல் வீதம் 1.6 செ.மீ. இங்கே 12.5 + 0.8 + 1 + 1.6 = 15.9. அதை 16 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

தடிமனை ஏன் கூட்டுகிறோம்? உறை ஒரு கருவியைச் சுற்றி வருகிறது. முன்பக்கத் துண்டு பாதித் தடிமனையும் பின்பக்கத் துண்டு மீதியையும் இரு ஓரங்களிலும் சுற்றி மூட வேண்டும். புதிதாகத் தைப்பவர்கள் அகலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தடிமனை மறந்துவிடுகிறார்கள். 1 செ.மீ. தளர்வு பஞ்சுக்காக. பஞ்சு இருபுறமும் உள்ளே புடைத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நீளத்தை நான்கு பகுதியாகப் பிரியுங்கள்.

முன்பக்கம்: கருவியின் உயரம் + பாதித் தடிமன் + 0.7 செ.மீ. = 17.4 + 0.4 + 0.7 = 18.5 செ.மீ.
பின்பக்கம்: அதே 18.5 செ.மீ.
மூடி மடங்கும் இடம்: தடிமன் + 0.7 செ.மீ. = 1.5 செ.மீ.
மூடி: 7 செ.மீ.

மொத்தம் 45.5 செ.மீ.

இந்த 16 × 45.5 செ.மீ. அளவில் பழைய காலண்டர் தாளில் ஒரு பட்டை வெட்டி, கருவியைச் சுற்றி மடித்துப் பாருங்கள். தாளுக்குத் தடிமன் இல்லை என்பதால் இறுக்கம் தெரியாது. ஆனால் மூடி எவ்வளவு கீழே வருகிறது, கூட்டலில் எங்காவது பிழை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், 7-ஆவது படியில் வேண்டும்.

4. துணியைத் தயார் செய்தல்

வெளித்துணி, லைனிங் இரண்டையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். புதுப் பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும், பாலியெஸ்டர் பஞ்சு சுருங்காது. நனைக்காமல் தைத்துவிட்டு உறையை ஒருநாள் துவைத்தால் துணி சுருங்கி, பஞ்சு அப்படியே நிற்க, உறை முழுக்கச் சுருக்கம் விழும்.

சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை மட்டும் நம்பி அடர் சிவப்பையும் நீலத்தையும் வெள்ளை லைனிங்கோடு சேர்க்காதீர்கள்.

இப்போது பெரிதாக வெட்டுங்கள். வெளித்துணி 21 × 51 செ.மீ. பஞ்சும் லைனிங்கும் 24 × 54 செ.மீ. நீளப் பக்கம் துணியின் பாவு நூலோடு, அதாவது கரைக்கு இணையாக, வரட்டும். அந்தத் திசையில் துணி குறைவாகவே இழுபடும்.

வெளித்துணியைவிடக் கீழ் அடுக்குகள் பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தைக்கும்போது மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளப்படும். கீழே இடம் இல்லாவிட்டால் கடைசிக் கோடுகளில் லைனிங் இல்லாத இடத்தில் தைத்துக்கொண்டிருப்பீர்கள். அடியில் இருப்பதால் அது கண்ணுக்கும் தெரியாது.

கிராஸ் பட்டிக்காக 40 செ.மீ. சதுரம் ஒன்றை அதே ஜாக்கெட் பிட்டில் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

5. அடுக்கி ஊக்கு குத்துதல்

மேஜையில் லைனிங்கை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, மூலைகளை டேப் ஒட்டிப் பிடிக்க வையுங்கள். விறைப்பாக இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் லைனிங் தன் இடத்துக்குத் திரும்பி மற்ற இரண்டையும் சுருக்கிவிடும்.

அதன்மேல் பஞ்சு. பஞ்சின்மேல் நேரடியாக இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். பாலியெஸ்டர் சூட்டில் அமுங்கி அப்பளம்போல் ஆகிவிடும், திரும்ப எழும்பாது. மடிப்புத் தடம் இருந்தால் முந்தின நாளே விரித்துப் போட்டால் தானாகச் சரியாகும். கடைசியாக வெளித்துணி, நல்ல பக்கம் மேலே.

நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே 8 செ.மீ.க்கு ஓர் ஊக்கு மாட்டுங்கள். குண்டூசி வேண்டாம். பஞ்சில் அது நிற்காது, மிஷினுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். ஊக்கு இல்லையென்றால் கையால் பெரிய பெரிய நூலோட்டம் போடுங்கள், அது இன்னும் நல்லது. ஒட்டும் ஸ்ப்ரே, பசை என்று குறுக்குவழி தேடுபவர்களுக்கு ஊசியில் பசை அப்பிக்கொண்டு நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

6. க்வில்ட் தையல்

இதே மூன்று அடுக்கில் ஒரு சின்னத் துண்டு செய்து முதலில் அதில் தைத்துப் பாருங்கள். பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் (மேல்நூலின் இழுவை) இறுக்கம், கொஞ்சம் தளர்த்துங்கள். லைனிங் பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் டென்ஷன் தளர்வு. தையல் நீளம் 3 மி.மீ. வையுங்கள். ஜாக்கெட்டுக்கு வைக்கும் சின்னத் தையல் பஞ்சில் புதைந்து துணியைச் சுருக்கும்.

கறுப்புக் கால் மிஷினில், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் கம்பி உச்சியில் திருகு ஒன்று இருக்கும். அதைச் சில சுற்று தளர்த்துங்கள். ஃபுட்டின் அழுத்தம் குறைந்தால் மேல்துணி முன்னால் தள்ளப்படுவதும் குறையும். மேல்துணி, கீழ்த்துணி இரண்டையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் உங்கள் மிஷினுக்குக் கிடைத்தால் வேலை சுலபம், கட்டாயமில்லை.

முதல் கோடு நீளவாக்கில், சரியாக நடுவில். ஸ்கேல் வைத்து இந்த ஒரு கோட்டை மட்டும் மிகக் கவனமாகப் போடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல். அதிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி வலப்பக்கம் ஒன்று, பிறகு இடப்பக்கம் ஒன்று என்று வெளியே நகருங்கள். ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்குப் போனால் தள்ளப்பட்ட துணியெல்லாம் கடைசி ஓரத்தில் மடிப்பாகக் குவியும்.

எல்லாக் கோடுகளையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள். ஒன்று மேலிருந்து கீழ், அடுத்தது கீழிருந்து மேல் என்று போனால் நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் துணி ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் தள்ளப்பட்டு, கோடுகளுக்கு நடுவே சாய்வாக அலை அலையாக நிற்கும். அதைப் பிரிக்காமல் சரிசெய்ய வழியே இல்லை.

இரண்டு கைகளையும் ஃபுட்டின் இருபுறம் தட்டையாக வைத்துத் துணியை வழிநடத்தினால் போதும், பின்னால் இழுக்க வேண்டாம். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி உடையும். ஊக்குகள் ஃபுட்டுக்கு முன்னால் வரும்போதே கழற்றிவிடுங்கள், ஊசி அதன்மேல் ஏறக் கூடாது. கோட்டின் இரு முனையிலும் திருப்பித் தைத்துக் கட்ட வேண்டியதில்லை. அந்த முனைகள் எப்படியும் வெட்டுப்படும்.

இந்த அகலத்துக்கு ஏழு கோடு போதும். டைமண்ட் வடிவம் வேண்டுமென்றால் சாய்வுக் கோடு போட வேண்டும், அது துணியின் கிராஸில் ஓடுவதால் இழுபடும். இரண்டாவது உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. இப்போதுதான் வெட்டு

தைத்து முடித்த துண்டை அளந்து பாருங்கள். 51 செ.மீ. இருந்த வெளித்துணி இப்போது குறைந்திருக்கும். பஞ்சின் தடிமனைப் பொறுத்து அது ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் போகலாம். முதலிலேயே அளவாக வெட்டியிருந்தால் இழந்திருப்பது இதைத்தான்.

காலண்டர் தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து அதன் நடுக்கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை முதல் தையல் கோட்டின்மேல் பொருத்தி, சுற்றிலும் சாக்கால் வரையுங்கள். துணியின் ஓரத்தை நம்பி வரைய வேண்டாம், அது இப்போது நேராக இருக்காது. மூடியின் இரண்டு மூலைகளையும் டீ கிளாஸை வைத்து வளைத்து வரைந்துகொள்ளுங்கள். கூர்மூலையில் பட்டியைத் திருப்புவது சிரமம், வளைவில் கிராஸ் பட்டி தானாக உட்காரும்.

வெட்டுவதற்கு முன் இன்னொரு வேலை: கோட்டுக்கு உள்ளே 4 மி.மீ. தள்ளிச் சுற்றிலும் ஒரு தையல். இது மூன்று அடுக்கையும் ஓரத்தில் பிடித்து, வெட்டுப்படும் க்வில்ட் கோடுகள் பிரியாமல் காக்கும். ஓரப்பட்டி 8 மி.மீ. அகலம் என்பதால் உள்ளே மறைந்துபோகும். அதன் பிறகு நல்ல கத்தரியால் மூன்று அடுக்கையும் ஒன்றாக, கோட்டின் மேலேயே வெட்டுங்கள்.

8. வாய் ஓரமும் ஒத்திகையும்

ஒதுக்கி வைத்த சதுரத்தை மூலைவிட்டமாக மடித்து, மடிப்பில் வெட்டி, இரு புறமும் 4 செ.மீ. அகலத்தில் பட்டிகள் எடுங்கள். ஒன்றிலிருந்து 16 செ.மீ. தனியாக வெட்டிக்கொண்டு, மற்றவற்றைச் சாய்வு முனைகளில் ஒட்டுப் போட்டு 80 செ.மீ. நீளமாக்குங்கள். ஒட்டுத் தையலை விரித்து இஸ்திரி போட்டால் அந்த இடம் மேடு தட்டாது.

உறையின் வாய், அதாவது மூடி இல்லாத முனை, முதலில் முடிய வேண்டும். பக்கங்கள் மூடிய பிறகு அந்த ஓரத்துக்கு மிஷின் போகாது. குட்டைப் பட்டியை வெளித்துணிமேல் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்து 8 மி.மீ. தள்ளித் தைத்து, உள்பக்கம் திருப்பி மடித்து, லைனிங்கில் கையால் எம்மிங் செய்யுங்கள். எம்மிங் ஊசி லைனிங்கை மட்டும் பிடிக்க வேண்டும்.

இப்போது வாய் முனையை 18.5 செ.மீ. மேலே மடித்து, பக்கங்களில் கிளிப் மாட்டுங்கள். வெளித்துணி வெளியே, லைனிங் உள்ளே. பக்க ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளிக் கையால் பெரிய நூலோட்டம் போட்டு, கருவியை உள்ளே விட்டுப் பாருங்கள்.

இதைத் தவிர்க்காதீர்கள். அளவைத் திருத்த இதுவே கடைசி வாய்ப்பு. கருவி கொஞ்சம் உரசிக்கொண்டு இறங்கி, கவிழ்த்தால் தானாக நழுவாமல், விரலால் இழுத்தால் வர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் நூலோட்டத்தைப் பிரித்து இருபுறமும் 2 மி.மீ. சீவிவிடலாம். சீவிய பக்கத்தில் 4 மி.மீ. சுற்றுத் தையலை மறுபடி உள்ளே தள்ளிப் போட்டுவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் ஓரப்பட்டியை 8 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ.யில் தைப்பது ஒன்றுதான் வழி. அதிலும் கிடைப்பது 4 மி.மீ. மட்டுமே. "பயன்படுத்தப் பயன்படுத்த நெகிழ்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பஞ்சு வைத்த உறை அவ்வளவாக நெகிழாது.

9. எலாஸ்டிக் இப்போது, பட்டன் கடைசியில்

8 செ.மீ. எலாஸ்டிக்கைப் பாதியாக மடித்து, மூடியின் நடு ஓரத்தில், லைனிங் பக்கமாக வையுங்கள். இரு முனைகளும் ஓரத்தோடு சேர்ந்திருக்க, வளையம் உள்நோக்கி இருக்கட்டும். ஓரத்திலிருந்து 4 மி.மீ.யில் மிஷினால் மூன்று நான்கு தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். எலாஸ்டிக் வழுக்கும், ஒரே தையலில் விட்டால் இரண்டு வாரத்தில் கையோடு வரும்.

பட்டனை இப்போதே தைக்க வேண்டாம். ஓரப்பட்டி ஏறிய பிறகு மூடி சில மில்லிமீட்டர் விறைத்து மேலே நிற்கும். கருவியை உள்ளே வைத்து மூடிப் பார்த்த பிறகுதான் சரியான இடம் தெரியும்.

10. ஓரப்பட்டி

இந்த உறையில் பொறுமை அதிகம் கேட்கும் வேலை இதுதான். 16-ஆம் எண் ஊசியை மாட்டுங்கள். பக்கங்களில் நான்கு துணியும் இரண்டு பஞ்சும், அதன்மேல் பட்டியும் வருகிறது.

பின்பக்கத்தை மேலே பார்க்கும்படி வைத்துத் தொடங்குங்கள். பின்பக்கமும் மூடியின் வெளிப்பக்கமும் ஒரே தொடர்ச்சியான துணி, அதில் மேடு பள்ளம் இல்லாததால் பட்டி நேராக ஓடும். முன்பக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் வாய் ஓரத்துப் படிக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடிமடிப்பின் ஒரு மூலையில், பட்டியின் நுனியை மடிப்புக்குக் கீழே 1.5 செ.மீ. நீட்டி விட்டு, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கமாக, 8 மி.மீ. தள்ளித் தைத்துக்கொண்டு மேலே வாருங்கள். வாய் ஓரம் அடியில் வரும் இடத்தை விரலால் தடவினாலே தெரியும், உறையிலேயே தடித்த இடம் அது. அங்கே மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மூன்று தையல் பின்னோக்கிப் போய்த் திரும்பவும் முன்னால் வாருங்கள். கருவியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் இழுபடுவது இந்த இடம்தான், உறை கிழிந்தால் இங்கேதான் முதலில் கிழியும்.

மூடியின் வளைவில் பட்டியை இழுத்துப் பிடிக்காதீர்கள், கொஞ்சம் தளர்த்திவிட்டே தையுங்கள். இழுத்துத் தைத்தால், பட்டியை மறுபக்கம் திருப்பியதும் அது வளைவைச் சுற்றிப் போக நீளம் போதாமல் மூடியின் மூலை உள்ளே சுருண்டுகொள்ளும். மறுபக்கம் அதே போல் இறங்கி, அடிமடிப்புக்குக் கீழே 1.5 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

இனி பட்டியை முன்பக்கம் திருப்புங்கள். முதலில் அடியில் நீட்டிய 1.5 செ.மீ.யை மேல்நோக்கி மடித்து மூலையை மூடிவிட்டு, அதன்மேல் பட்டியின் ஓரத்தை உள்ளே மடித்துச் சுருட்டிக் கிளிப் மாட்டிக்கொண்டே போங்கள். உள்ளே மடியும் பகுதி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் கயிறுபோல் உருண்டு நிற்கும். மடிப்பு மிஷின் தையலைச் சற்றே தாண்டி உட்கார வேண்டும்.

இதைக் கையால் எம்மிங் செய்வதே என் சிபாரிசு. பின்பக்கத்திலிருந்து மிஷினால் ஒரே ஓட்டமாக ஓட்டலாம்தான். ஆனால் முன்பக்கம் பட்டியின் ஓரம் பாதி இடத்தில் பிடிபட்டும் பாதி இடத்தில் விட்டும் இருக்கும், அதைப் பிரித்துச் சரிசெய்ய எம்மிங்கைவிட அதிக நேரமாகும்.

மூடியின் நடுவுக்கு வரும்போது எலாஸ்டிக் வளையம் இன்னும் உள்நோக்கித்தான் இருக்கும். பட்டி எம்மிங் ஆனதும் அதை வெளிப்பக்கம் திருப்பி, பட்டியின்மேல் வைத்து நாலைந்து இறுக்கத் தையல் போடுங்கள். இதை மறந்தவர்கள் எல்லாம் முடிந்த பிறகு வளையம் மூடிக்குள்ளேயே ஒளிந்திருப்பதைக் கண்டு விழிப்பார்கள்.

11. பட்டன்

கருவியை உள்ளே வைத்து மூடுங்கள். எலாஸ்டிக்கைச் சற்றே இழுத்த நிலையில் அதன் நுனி எங்கே வருகிறதோ அங்கே சாக்கால் ஒரு புள்ளி. இழுக்காமல் குறித்தால் மூடி தொங்கலாக நிற்கும், முழுக்க இழுத்துக் குறித்தால் எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கருவியை எடுத்துவிட்டு உள்ளே ஓர் அட்டையைச் செருகுங்கள். ஊசி பின்பக்கத்தைப் பிடித்து வாயை மூடித் தைத்துவிடாமல் அது தடுக்கும். பட்டனுக்கான ஊசி வெளித்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்கட்டும். தொடக்க முடிச்சும் கடைசி முடிச்சும் பட்டனுக்கு அடியிலேயே இருக்க வேண்டும். லைனிங் பக்கம் வரும் நூல் முடிச்சு நாள் முழுக்கத் திரையில் உரசிக்கொண்டிருக்கும்.

காந்தப் பட்டன் அழகாக மூடும், ஆனால் கிண்டிலுக்கு அது ஒத்துவராது. பேப்பர்வைட் போன்றவை கவரில் உள்ள காந்தத்தை உணர்ந்துதான் திரையை எழுப்பவும் அணைக்கவும் செய்கின்றன. உறையில் தவறான இடத்தில் காந்தம் இருந்தால் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு பேட்டரி தீரும். வெல்க்ரோவின் முள் பக்கம் லைனிங்கையும் பையிலுள்ள மற்ற துணிகளையும் பிறாண்டும்.

12. மற்ற கருவிகளுக்கு

16 × 7.5 × 0.9 செ.மீ. போன் என்றால் அகலம் 7.5 + 0.9 + 1 + 1.6 = 11 செ.மீ. முன்பக்கம் 16 + 0.45 + 0.7, அதாவது 17.2 செ.மீ. மூடி 5 செ.மீ. போதும்.

பவர் பேங்குக்கும் இதே கணக்கு, 2 செ.மீ. தடிமன் வரை. அதற்குமேல் தடித்தவற்றை மடிப்பு உறையில் திணித்தால் பக்க ஓரங்கள் பிதுங்கும், அடிமூலைகள் காதுபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். சார்ஜர், ஒயர், இயர்போன் டப்பா போன்ற உருண்டை திரண்டவற்றுக்கு க்வில்ட் உறையே வேண்டாம், சுருக்குப் பைதான் சரி.

ஜிப் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் நைலான் பல் ஜிப்பை எடுங்கள். உலோகப் பல் திரையைக் கீறும். வாயின் அகலத்தைவிட 5 செ.மீ. நீளமாக வாங்குங்கள், அப்போதுதான் ரன்னரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தைக்க முடியும். பக்கங்களை மூடுவதற்கு முன்பே ஜிப் ஏறிவிட வேண்டும், மூடும்போது அது பாதி திறந்திருக்கவும் வேண்டும்.

13. பயன்பாட்டில்

எதையும் உறைக்குள் வைத்தபடி சார்ஜ் போடாதீர்கள். பஞ்சு சூட்டை வெளியே விடாது, லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. பவர் பேங்குக்கு இது இன்னும் முக்கியம். அது மற்றொன்றுக்குச் சார்ஜ் கொடுக்கும்போதும் வெளியேதான் இருக்க வேண்டும்.

துவைப்பதானால் கையால், குளிர்ந்த நீரில். முறுக்கிப் பிழியாமல் துவாலையில் வைத்து அமுக்கி ஈரத்தை எடுத்து, மூடியைத் திறந்து நிழலில் காயப் போடுங்கள். தொட்டால் வெளியே காய்ந்தது போலிருந்தாலும் நடுவிலுள்ள பஞ்சில் ஈரம் தங்கியிருக்கும். இன்னொரு நாள் விட்டுவிட்டுக் கருவியை உள்ளே வையுங்கள்.